ஹாஜி தஹாமியின் பேனாவில் அடைப்பு

தாஸா நகரத்தின் மேட்டுப் பகுதியில், நீதிமன்றத்துக்கு ஏறும் சரிவில், பச்சைக் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. உள்ளே ஒரே மேசை. அதன் பின்னால் இரண்டு நாற்காலிகள். அந்த நாற்காலிகளில் இருபத்திரண்டு வருஷமாக ஹாஜி தஹாமியும் இத்ரீஸ் பெல்காஸியும் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதூல்கள். கல்யாணமோ மணவிலக்கோ, வயல் கைமாறுவதோ, செத்தவர் சொத்தைப் பிரிப்பதோ, எதுவானாலும் இரண்டு அதூல்கள் காதால் கேட்டு, கையால் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். ஒருவர் மட்டும் போட்டால் அதை வைத்து அடுப்புதான் மூட்டலாம்.

தஹாமிக்கு அறுபத்தொன்று. இத்ரீஸுக்கு ஐம்பத்து நாலு. பத்திரத்தை எழுதுவது எப்போதும் தஹாமிதான். அடித்தல் திருத்தல் கூடாது, வரிக்கு நடுவே ஒரு விரல்கூட இடம் விடக்கூடாது, ஒரு சொட்டு மை சிந்தினால் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுத வேண்டும். அவர் எழுதினால் மறுபடி எழுத வேண்டி வராது. கடைசியில் அவர் போடும் கையெழுத்து, கால்களும் கொம்புமாகச் சுழன்று ஒரு வண்டு மாதிரி வந்து உட்காரும். அதன் மாதிரி நீதிமன்றத்துக் கோப்பில் இருந்தது. அதைப் போலவே கள்ளக் கையெழுத்துப் போட்டுப் பார்த்த ஒரு நிலத்தரகர் பாதியிலேயே பிடிபட்டார்.

எல்லாம் ஒரே பேனாவில்தான். கரும்பச்சை உடல், தங்க நிப்பு, பின்பக்கத்தைத் திருகினால் மையை உறிஞ்சிக்கொள்ளும் பேனா. வேலையில் சேர்ந்த வருஷம் தஞ்சியர் நகரத்தில் வாங்கியது. அதை யாரும் தொடக்கூடாது என்று தஹாமி ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமலே யாரும் தொட்டதில்லை.

ஒரே ஒரு தடவை இத்ரீஸ் தொட்டார். வசந்தகாலத்தில் மலைக் கிராமம் ஒன்றில் கல்யாணம். தஹாமி தொழப் போயிருந்த நேரத்தில் சாட்சிகளின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இத்ரீஸின் பேனா காய்ந்துபோயிருந்தது. தஹாமியின் பேனாவை எடுத்தார், அதிலும் மை தீர்ந்திருந்தது. தன் பையிலிருந்த புட்டி மையை உறிஞ்சவைத்து நிரப்பிக் குறித்துவிட்டு, பழைய இடத்தில் வைத்துவிட்டார். சந்தையில் வாங்கிய மை அது, கன்னங்கரேலென்று கொஞ்சம் கெட்டியாக இருக்கும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கோடைக்குள் பேனா மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஒரு சொல் எழுதும், அடுத்த சொல்லில் வெறுமனே கீறும். உதறினால் சொட்டாகக் கக்கும். ஒரு வாரத்தில் மூன்று பத்திரங்களைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. தஹாமி நிப்பைத் துடைத்தார், ஊதினார், வெந்நீரில் முக்கினார், காகிதத்தைக் குறை சொன்னார். கடைசியில் ஒரு நாள் இத்ரீஸ், புட்டி மையைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

தஹாமி பேனாவை மூடி வைத்தார். "கழுதை லாடத்தைக் குதிரைக்கு அடிச்சிருக்க. சரி, அதையாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். அதோடு விட்டிருப்பார். ஆனால் அதே வாரம் நீதிபதியின் அலுவலகத்திலிருந்து ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் திரும்பி வந்தது. முதல் அதூலின் கையெழுத்து கோப்பிலுள்ள மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தது. தஹாமியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அந்தக் காகிதத்தை இத்ரீஸின் முன்னால் வைத்தார்.

"பாத்துக்க. இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னைய நானில்லங்கிறாங்க. உன் சந்தை மையோட வேலை."

இத்ரீஸ் மன்னிப்புக் கேட்டார். தஹாமி காதில் வாங்கவில்லை. பச்சைப் பேனாவை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். மறுநாள் கடையில் புதுப் பேனா ஒன்று வாங்கி வந்தார். அன்றிலிருந்து இத்ரீஸோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பேசாமல் இருப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்குத் தொழில் இல்லை. ஆகவே வந்தவர்கள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். மணப்பெண்ணின் தாத்தா பெயர் என்ன என்று இத்ரீஸ் மாப்பிள்ளையைக் கேட்பார். எழுதியாகிவிட்டது என்று தஹாமி பெண்ணின் தகப்பனாரிடம் சொல்வார். வந்தவர்கள் பந்தடிப்பதைப் பார்ப்பதுபோல் இங்குமங்கும் தலையைத் திருப்புவார்கள். மூன்றாவது வாரம் வந்த ஒரு கல்யாணக் கூட்டத்தில், பெண்ணின் பெரியம்மா வாய்த்துடுக்கான மனுஷி. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் எப்ப விவாகரத்து வாங்குனீங்க? அதை யாரு எழுதிக் குடுத்தது?"

அறையே சிரித்தது. இத்ரீஸுக்கும் சிரிப்பு வந்தது, பக்கத்து நாற்காலியைப் பார்த்து அடக்கிக்கொண்டார். தஹாமி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

அன்று அவர் போன பின், இத்ரீஸ் இழுப்பறையைத் திறந்து பச்சைப் பேனாவை எடுத்தார். கேட்காமல் எடுப்பது சரியில்லைதான். கெடுத்தவன் நான், சரிசெய்து அதே இடத்தில் வைத்துவிடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தஹாமியின் நல்ல மைப் புட்டியையும் கூடவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் கடை விரித்தார். தேநீர்க் கண்ணாடிக் குவளைகள் நாலு, குளிர்ந்த தண்ணீர், பழைய பல்குச்சி ஒன்று. மனைவி பஹீஜா கீரையைக் கிள்ளிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். குடித்த குவளையில் மையைக் கரைத்தால் மறுபடி தேநீர் குடிக்க வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

முதலில் பேனாவின் வாயைத் தண்ணீரில் வைத்துப் பின்பக்கத்தைத் திருகினார். உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, மறுபடி இழுத்து. நீலமும் கறுப்புமாக இழைகள் இறங்கின. முதல் குவளை இருண்டது. இரண்டாவதும் இருண்டது. மூன்றாவதில் மணல் மாதிரிக் கறுப்புத் துகள்கள் வந்து அடியில் தங்கின. இத்ரீஸ் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என் மைதான்," என்றார். "வண்டல்."

பஹீஜா கீரையை ஒதுக்கிவைத்தாள். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரே சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு அவர் பக்கம் நகர்த்தினாள். வெந்நீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், பேனா உடல் நெளிந்துவிடும், ஹாஜி வெந்நீரில் முக்கியதே தப்பு என்றார் இத்ரீஸ். இரவு முழுக்கச் சோப்புத் தண்ணீரில் நிப்பை ஊறவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சைக்கிள் டியூப் துண்டால் பிடித்து நிப்பையும் அதற்கடியிலிருந்த நாக்கையும் நேராக வெளியே இழுத்தார். எங்கே உடைந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர், வந்தபிறகுதான் மூச்சு விட்டார். நாக்கின் வரிவரியான பள்ளங்களில் கறுப்பு அப்பியிருந்தது. பல்குச்சியால் மெல்லத் தேய்த்தார். நிப்பின் நடுக்கீறலில் பழைய போட்டோ பிலிம் துண்டு ஒன்றை நுழைத்து இழுத்தார். பக்கத்து வீட்டுத் தட்டானிடம் கடன் வாங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு நிப்பின் இரண்டு நுனிகளையும் பார்த்தார். இரண்டும் சமமாக, அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. வளைவு இல்லை, விரிசல் இல்லை. எல்லாவற்றையும் பூட்டி, வாயைப் பருத்தித் துணியில் ஊன்றி உள்ளே இருந்த ஈரத்தை உறிஞ்சவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல மையை நிரப்பினார்.

எழுதினார். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது. எட்டு எட்டாகச் சுழித்தார், நீளமாகக் கோடு இழுத்தார், சாய்த்து எழுதினார், வேகமாக எழுதினார். ஓர் இடத்திலும் விடவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. நாளைக்கு ஹாஜி பேசிவிடுவார் என்று பஹீஜாவிடம் சொன்னார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தேதி பார்த்தே பழகியவர். கெடுதல் எந்த நாளில் ஆரம்பித்தது என்று தெரிந்துகொண்டால் ஹாஜியிடம் ஒழுங்காக ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்தார். சாயங்காலம் மேடேறி அலுவலகத்தைத் திறந்தார். சாட்சியம் குறித்துவைக்கும் நோட்டுகள் அலமாரியில் வரிசையாக இருந்தன. தஹாமியின் எழுத்து இருக்கும் பக்கங்களைப் புரட்டி, கிராமத்துக் கல்யாண நாளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். கீறல்கள் இருந்தன. அதற்கு முந்திய வாரம் பார்த்தார். அங்கேயும் ஒன்றிரண்டு. இன்னும் முந்திய மாதம் போனார். பனிக்காலத்துக்குப் போனார்.

மை விட்ட இடங்களைத் தேடப் போனவரின் கண்ணில் வேறொன்று பட்டது. எழுத்து சிறுத்துக்கொண்டே வந்திருந்தது. போன வருஷ நோட்டில் பேரீச்சங்கொட்டை அளவுக்கு இருந்த எழுத்துகள், இந்த வருஷ நோட்டில் எறும்பாகியிருந்தன. ஒரே வரியிலும் அப்படித்தான். வரி தொடங்கும்போது பெரிதாகத் தொடங்கி, முடியும்போது நெருங்கிக் குறுகி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. கடைசியாகப் புதுப் பேனாவில் எழுதிய பக்கங்களை எடுத்தார். அங்கேயும் அதே சிறுத்த எழுத்து, அதே கீறல், அதே கக்கல்.

இத்ரீஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். என் மையால் இல்லை என்பது முதலில் மனதில் பட்டது. ஒரு நிமிஷம் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அந்த நிம்மதி எதனால் கிடைத்தது என்று விளங்கியதும், அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, கோளாறு ஹாஜியின் கையில்தான் என்று பஹீஜாவிடம் சொன்னார். அவள் உடனே நம்பினாள். "பெருநாளைக்கு அவங்க வீட்டுக்குப் போனோமே, தேநீர் யாரு ஊத்துனது?" என்று கேட்டாள். தஹாமி தேநீர் ஊற்றும் அழகைத் தெருவே சொல்லும். கெண்டியைத் தலைக்குமேல் தூக்கி, ஒரு துளி தெறிக்காமல் ஊற்றுவார். பெருநாளன்று அவருடைய மனைவிதான் ஊற்றினாள். அவர் குவளையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, குளிர் என்று சொன்னார். அன்று குளிரவில்லை.

என்ன செய்வது என்று இருவரும் வெகுநேரம் பேசினார்கள். தஹாமியின் மகனிடம் சொல்லலாமா, சொன்னால் கிழவர் தாங்குவாரா, சொல்லாவிட்டால் நீதிபதி இன்னொரு பத்திரத்தைத் திருப்பினால் என்ன ஆகும். முடிவு ஒன்றும் எட்டவில்லை. அவராகச் சொல்லும்வரை பழி என்மேலேயே இருக்கட்டும் என்றார் இத்ரீஸ்.

திங்கட்கிழமை தஹாமி கதவைத் திறந்தபோது பச்சைப் பேனா மேசைமேல் இருந்தது. இத்ரீஸ் எழுந்து நின்றார். கழுவியதாகவும், நிறைய வண்டல் வந்ததாகவும், தவறு தன்னுடையதுதான் என்றும் சொன்னார். தஹாமி மேலங்கியைக் கழற்றி மாட்டினார். உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, இறைவன் பெயரைச் சொல்லி எழுதத் தொடங்கினார். முதல் இரண்டு சொல் நன்றாக வந்தன. மூன்றாவதில் எழுத்து சுருங்கியது. கை திருகிக்கொண்டது, நிப்பு பக்கவாட்டில் புரண்டு காகிதத்தைக் கீறியது. நாலாவது சொல் வரவே இல்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னும் எங்கயோ அடைப்பு இருக்கு ஹாஜி," என்றார் இத்ரீஸ். "என் மை உள்ளயே கட்டிப்போச்சு போல. இன்னொரு தடவை கழுவிப் பாக்குறேன்."

தஹாமி மூன்று வாரமாக அவர் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. இப்போது பார்த்தார். பேனாவை அவர் பக்கம் தள்ளினார்.

"நீ எழுது. பாப்போம்."

இத்ரீஸ் பேனாவை எடுத்தார். கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கொடுப்பதாக நீதிபதி முன்னால் சத்தியம் செய்து வேலைக்கு வந்த மனுஷர், நிப்பை வேண்டுமென்றே சாய்த்து, ஓரத்தால் அழுத்தி, காகிதத்தைக் கீறினார். இரண்டு சொல் விட்டு விட்டு வந்தது. காது நுனிவரை அவருக்குச் சுட்டது.

தஹாமி குனிந்து அந்த இரண்டு சொல்லையும் படித்தார்.

"இருபத்திரண்டு வருஷமா உன் பக்கத்துல உக்காந்து உன் கையைப் பாத்துட்டு இருக்கேன் இத்ரீஸு. உனக்குப் பொய்ச்சாட்சி எழுத வரல. விட்டுரு."

இத்ரீஸ் பேனாவை மேசையில் வைத்தார். வெளியே யாரோ கழுதையை மேட்டில் ஓட்டிக்கொண்டு, வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்த பிறகுதான் தஹாமி பேசினார்.

"போன பனிக்காலத்துல கட்டைவிரல் தானா ஆட ஆரம்பிச்சுது. குளிர்னு நெனச்சேன். அப்புறம் சட்டைப் பொத்தான் போட நேரமாச்சு. பேனா மக்கர் பண்ணப்ப எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பேனான்னா கழுவிரலாம். நீ மை ஊத்துனேன்னு வந்து சொன்னியே, அன்னைக்கு உன் கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும் போல இருந்துச்சு. அதுக்குப் பதிலா உன்னைய ஏசுனேன். புதுப் பேனாவும் அதே மாதிரி எழுதுனதும் பயந்துட்டேன். பேசுனா சொல்லிருவேன்னுதான் பேசல."

வீட்டில் தெரியுமா என்று இத்ரீஸ் கேட்டார். மனைவிக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது என்றார். வைத்தியரைப் பார்க்கவில்லை. பார்த்தால் பெயர் வைத்துவிடுவார்கள் என்று பயம்.

வியாழக்கிழமை இத்ரீஸ் அவரை ஃபெஸ் நகரத்துக்கு அழைத்துப் போனார். வாடகைக் காரின் பின்னிருக்கையில் நாலு பேர் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். நரம்பு வைத்தியர் சின்ன வயதுப் பெண். தஹாமியை நடக்கச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், ஒரு வரி எழுதச் சொன்னாள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு சுழி வரையச் சொன்னாள்.

"நத்தையா வேணும் டாக்டர்?" என்றார் தஹாமி. "நாங்க நத்தை சூப்பு குடிக்கத்தான் ஃபெஸுக்கு வருவோம். வரைய வந்தது இதுதான் முதல் தடவை."

வைத்தியர் சிரித்தாள். சுழியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றாள். தீராது, ஆனால் மெல்லத்தான் நடக்கும், மாத்திரை உதவும், வருஷக்கணக்கில் உதவும் என்று பொறுமையாக விளக்கினாள். தஹாமி ஒரு கட்சிக்காரரின் வாக்குமூலத்தைக் கேட்பதுபோல் இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் தெருவோரத் தள்ளுவண்டிக்காரனிடம் இரண்டு கிண்ணம் நத்தை வாங்கினார்கள். ஓட்டுக்குள்ளிருந்து ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். தஹாமியின் ஊசி இரண்டு தடவை வழுக்கியது. இத்ரீஸ் தன் கிண்ணத்திலிருந்ததை எடுத்து எடுத்து அவருடைய கிண்ணத்தில் போட்டார். பேச்சு மட்டும் தாஸாவில் இந்த வருஷம் மழை இல்லாததைப் பற்றியே நடந்தது. தஹாமி எல்லாவற்றையும் சாப்பிட்டு, சாற்றையும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீதிபதிகிட்ட நானே சொல்றேன். நீ கூட வந்து நின்னா போதும்."

இத்ரீஸ் அப்படியே நின்றார். நீதிபதி இளவயதுக்காரர், கடுமையானவர் என்று பெயர். வைத்தியரின் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். புத்தியில் குறை உண்டா என்று கேட்டார். தஹாமி அதற்குப் பதிலாக, அன்று காலை வந்திருந்த ஒரு பாகப்பிரிவினையை, இரண்டு மனைவிகளும் ஒன்பது பிள்ளைகளும் இறந்துபோன ஒரு மகளும் உள்ள வழக்கை, காகிதம் இல்லாமல் பங்கு பங்காகப் பிரித்துச் சொன்னார். நீதிபதி தானே ஒரு தாளில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். பிறகு பழைய மாதிரியை நீக்கி, தஹாமி தன் பெயரை மட்டும் எளிதாக எழுதும் புதிய கையெழுத்தைக் கோப்பில் சேர்க்கச் சொன்னார். பத்திரம் எழுதும் வேலை இத்ரீஸுக்கு வந்தது. தஹாமி சொல்லச் சொல்ல எழுதினார். தஹாமிக்குச் சட்ட வாசகம் எல்லாம் நெட்டுரு. எழுதும் கை ஓய்ந்ததால் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். அதில் சில சண்டைகள் பத்திரம் வரை போகாமலே முடிந்தன.

மாத்திரை காலை பத்து மணிக்கு வேலை செய்யத் தொடங்கும், மதியத் தொழுகைவரை தாங்கும். அந்த நேரத்தில் விரல்கள் சொன்னபடி கேட்கும். ஆகவே கையெழுத்துகள் எல்லாம் மதியத்துக்கு முன்னால்தான் என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். காரணம் கேட்டவர்களிடம் ஒழுங்குமுறை என்று மட்டும் சொன்னார்கள். அது நீதிமன்றம் போட்ட புதுச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு, சரிவில் கடை போட்டிருந்த மற்ற அதூல்களில் இரண்டு ஜோடியும் மதியத்துக்குமேல் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டார்கள். தஹாமிக்கு அது பெரிய வேடிக்கை. அப்படியே நாலு வருஷம் வேலை செய்துவிட்டு, அவராகவே எழுதிக் கொடுத்து விலகினார்.